பங்குனி வெயிலில் எந்த வசந்தம்? எல்லைப் பகுதியில் ஒரு சிறிய வால்டோர்ஃப் பள்ளி

கேள்வி: 2025 பிப்ரவரி 22

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சிறிய வால்டோர்ஃப் பள்ளி நடக்கிறது. கைவேலை, கலை, கதை வழியாகக் கற்பிக்கும், ஜெர்மனியில் தொடங்கிய முறை. மார்ச்சில் வசந்த விழா என்று அழைப்பு வந்திருக்கிறது. நம் ஊரில் வசந்தம் எங்கே இருக்கிறது? மாசி பிறந்தால் கிணறு இறங்குகிறது, பங்குனியில் பாலக்காடு கொதிக்கிறது. பனி உருகிப் பூ முளைப்பதைக் கொண்டாடும் ஜெர்மன்காரர்களின் விழாவை இங்கே கொண்டுவந்து நட்டால் குழந்தைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? மகனை ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க யோசிக்கிறோம். அங்கே பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

2025 பிப்ரவரி 23

என் மகள் அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. மகன் மழலைக் கூடத்தில் இருக்கிறான். நான் பொள்ளாச்சியில் பிறந்து கொழிஞ்சாம்பாறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எல்லையின் இரண்டு பக்கத்து வெயிலும் எனக்குத் தெரியும்.

வசந்தமே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். முதலமடைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். மற்ற ஊர்களில் மா இன்னும் பிஞ்சு பிடித்துக்கொண்டிருக்க, இங்கே காய் பறித்து லாரியில் ஏற்றுகிறார்கள். கல்யாண முருங்கை சிவந்து நிற்கிறது. இலவங்காய் வெடிக்கப் போகிறது. இன்னும் சில வாரங்களில் புங்க மரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புதுத் தளிர் விடும். அந்தப் பச்சைக்கு ஈடான பச்சை மழைக்காலத்திலும் கிடையாது. பிறகு கொன்றை, வேப்பம்பூ. மண் வெடித்துக் கிடக்கும் நாளில் மரம் தளிர்க்கிறதே, அதுதான் இந்த மண்ணின் வசந்தம். பழைய கணக்குப்படி மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றடிக்கும் இந்தப் பகுதியில் அது கொஞ்சம் முந்திக்கொள்கிறது.

கேள்வியின் மறுபாதி நியாயமானது. வெளியிலிருந்து வந்த முறையை இங்கே அப்படியே நட்டால் பிழைக்குமா? எங்கள் பள்ளியில் சில நட்டது நட்டபடி பட்டுப்போயின, சில வேர் பிடித்தன. எது எது என்று அடுத்து எழுதுகிறேன்.

2025 பிப்ரவரி 24

பொருள்களிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பள்ளிகளில் எல்லாமே கையிலிருந்துதான் தொடங்குகிறது.

தேன்மெழுகு. உருவம் செய்வதற்குப் பிள்ளைகளுக்குத் தேன்மெழுகு தருவார்கள். குளிர்நாட்டில் மெழுகு கல்லாக இறுகியிருக்கும். குழந்தை அதைக் கைக்குள் வைத்துக் கதை கேட்கும். கதை முடிவதற்குள் கைச்சூட்டில் மெழுகு இளகும். பிறகு உருவம் செய்யும். காத்திருப்பதுதான் அங்கே பாடம். எங்கள் ஊரில் மார்ச் மாதம் பெட்டியைத் திறக்கும்போதே மெழுகு இளகிக் கிடக்கிறது, வண்ணக்கட்டிகள் வளைந்திருக்கின்றன. ஆசிரியை என்ன செய்தார் தெரியுமா? பங்குனி முழுவதும் மெழுகை எடுத்து வைத்துவிட்டுக் குளத்துக் களிமண்ணைக் கொண்டுவந்தார். காய்ந்த கட்டியில் தண்ணீர் தெளித்து மூடி வைத்து, அது பதமாகும் வரை பிள்ளைகள் காத்திருந்தார்கள். அதே பொறுமை, வேறு பொருள்.

ஈரத்தாள் ஓவியம் அடுத்தது. தாளைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றை மட்டும் தூரிகையால் தொட்டு வைத்தால் நிறங்கள் தாமாக ஓடிக் கலக்கும். ஓடுவதற்கு ஈரம் வேண்டும். இங்கே வறண்ட காற்றில் பத்து மணிக்கு மேல் தாள் கண்ணெதிரே காய்ந்துவிடும். நிறம் ஓடாது, திட்டாக நின்றுவிடும். அதனால் ஓவிய நாளில் மட்டும் காலை ஏழரைக்கே பள்ளி. அந்த நேரத்துக்கு மூலத்தரைப் பக்கத்திலிருந்து பஸ் இல்லாத இரண்டு பிள்ளைகளை, இலவசமாகவே, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கூட்டிவருகிறார். அவர்களில் ஒருவன் வரைந்த படம், பேரன் வரைந்ததைப் போல, ஆட்டோவின் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

கம்பளி நூல். ஒன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும், பையன்களும் சேர்த்துத்தான், இரண்டு ஊசியில் பின்னக் கற்கிறார்கள். விரல் திருந்தினால் எழுத்தும் கணக்கும் திருந்தும் என்பது நம்பிக்கை. ஆனால் கம்பளி வியர்த்த கையில் ஒட்டுகிறது. இப்போது பருத்தி நூல். கோடையில் நூலையும் விட்டுவிட்டுக் குருத்தோலை பின்னுகிறார்கள். சொல்லிக்கொடுப்பவர் எங்கள் தெருவில் பனையேறிக்கொண்டிருந்த பெரியவர். அவர் பள்ளிக்கூட வாசலை முதன்முதலாக மிதித்ததே இதற்காகத்தான்.

பொம்மைகள். வால்டோர்ஃப் பொம்மைக்குள் ஆட்டு ரோமம் அடைப்பார்கள். நாங்கள் இலவம்பஞ்சு அடைக்கிறோம். பங்குனியில் காய் வெடித்ததும் அம்மாக்கள், பாட்டிகள் உட்கார்ந்து கொட்டை நீக்குகிறோம். வீடு முழுவதும் பஞ்சு பறக்கும். இதற்குப் பெயர் கைவேலை வகுப்பு என்றால் நான் எந்த வகுப்பையும் இவ்வளவு விரும்பிப் போனதில்லை.

2025 பிப்ரவரி 26

கோவை நண்பர் ஒருவர் 'வால்டோர்ஃப் என்பது அந்தத் தத்துவ அறிஞரின் பெயர்' என்று எழுதியிருக்கிறார். இல்லை. தத்துவ அறிஞர் ருடால்ஃப் ஸ்டைனர். வால்டோர்ஃப் அஸ்டோரியா என்பது ஸ்டுட்கார்ட் நகரத்துச் சிகரெட் ஆலை. அதன் முதலாளி எமில் மோல்ட், தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி வேண்டும் என்று ஸ்டைனரிடம் கேட்டார். 1919 செப்டம்பரில் பள்ளி திறந்தது. நாஜி ஆட்சி 1938இல் அதை மூடியது. போருக்குப் பின் மறுபடியும் திறந்தார்கள். நம் நாட்டில் ஐதராபாத்தில் 1997இல் ஒரு பள்ளி தொடங்கியது, பிறகு மும்பையில்.

ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்காகத் தொடங்கிய பள்ளி இது என்பதை நான் ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்கிறேன். வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காக இது மாறினால் பெயருக்கே பொருளில்லை.

2025 மார்ச் 2

'மேபோல் நட்டு ரிப்பன் பிடித்து ஆடுவது எந்த ஊர்ப் பழக்கம்?' என்று கேட்டவருக்கு.

தொடக்க ஆண்டுகளில் எங்கள் பள்ளியில் அதைத்தான் செய்தார்கள். கம்பம் நட்டு, நிற ரிப்பன்கள் தொங்கவிட்டு, பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடிப் பின்னுவார்கள். அப்படி ஒரு முறை வசந்த விழாவுக்கு என் மாமியார் வந்திருந்தார். பார்த்துவிட்டு 'இது நம் பின்னல் கோலாட்டம்தானே' என்றார். உண்மையில் அதேதான். மேலேயிருந்து கயிறுகள் தொங்கும். ஆளுக்கொரு கயிறு ஒரு கையில், கோல் மறு கையில். உள்ளே வெளியே மாறி மாறி ஆடும்போது கயிறு சடையாகப் பின்னும். எதிர்த்திசையில் ஆடினால் பிரியும். மேபோலில் ரிப்பனைக் கம்பத்தில் பின்னுகிறார்கள். கோலாட்டத்தில் பாட்டும் தாளமும் சேர்ந்து பின்னுகின்றன. தாளம் தவறினால் கயிறு சிக்கிவிடும், யார் தவறினார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அடுத்த ஆண்டிலிருந்து மாமியாரும் அவர் வயதுத் தோழிகளும்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். இப்போது அது பள்ளியின் ஆட்டம். ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது, அங்கே இல்லாதது என்றும் சொல்ல முடியாது.

இதே போல் இன்னொன்று. எழுத்துக்கு முன்னால் கோடு வரையச் சொல்லிக்கொடுப்பார்கள்: நேர்கோடு, வளைகோடு, சுழி, ஒன்றை ஒன்று கடக்கும் கோடு. அதற்கென்று தனிப் பாடவேளை உண்டு. ஆனால் எங்கள் தெருவில் பெண் குழந்தைகள் வாசலில் சுழிக்கோலம் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். புள்ளி வைத்து, கோட்டை எடுக்காமல், எல்லாப் புள்ளியையும் சுற்றித் தொடங்கிய இடத்தில் முடிக்க வேண்டும். இப்போது பையன்களும் பள்ளி முற்றத்தில் கோலம் போடுகிறார்கள். என் மகன் மாவு கொட்டுவதை விட்டு ஊதிப் பார்க்கிறான், அது வேறு கதை.

2025 மார்ச் 6

இன்று வேறொரு திருவிழாவைப் பற்றி எழுத வேண்டும். அழைப்பிதழில் இல்லாத திருவிழா.

மாசியில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை நடக்கும். படையெடுத்து வந்த கொங்கு அரசனைச் சித்தூர் மக்கள் பகவதியின் துணையோடு விரட்டிய கதையை நடித்துக் காட்டுவார்கள். எங்கள் பள்ளியில் பாதிப் பேர் வீட்டில் கொங்குத் தமிழ் பேசுகிறவர்கள், பாதிப் பேர் மலையாளம். மகள் வந்து என்னிடம் கேட்டாள்: 'அம்மா, நாம்தானே கொங்கு? நாம் தோற்றுப்போனோமா?' வகுப்பிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. ஒரு மலையாளப் பையன் 'நாங்கள் ஜெயித்தோம்' என்று சொல்ல, எங்கள் பக்கத்துப் பிள்ளை அழுதிருக்கிறாள்.

அவர்களின் ஆசிரியை ஒற்றப்பாலத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு தாத்தா பாட்டியிடம் 'நம் குடும்பம் எங்கிருந்து வந்தது, யாரோடு கொடுக்கல் வாங்கல்' என்று கேட்டுவரச் சொன்னார். மறுநாள் காலை வட்டத்தில் கதைகள் வந்தன. ஒருத்தியின் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தாராபுரத்திலிருந்து மாடு ஓட்டி வந்து இங்கே நிலம் வாங்கியவர். ஜெயித்த பையனின் கொள்ளுத்தாத்தா ஆண்டுக்காண்டு பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் காளை வாங்கியவர். அந்தச் சந்தை இன்றும் செவ்வாயும் வியாழனும் கூடுகிறது. ஒருவேளை அந்தக் காளையை விற்றவரே அப்புச்சியாக இருக்கலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். அதற்குமேல் போர் நடக்கவில்லை. பையன்கள் இரண்டு பேர் காளையாகவும் தரகராகவும் நடித்துக் காட்டினார்கள்.

வசந்த விழாவைவிட இந்த ஒரு காலையைத்தான் பள்ளியின் பெயருக்கு எழுதுவேன்.

2025 மார்ச் 7

எல்லை என்றால் சண்டை என்று எழுதியவருக்கு: இன்றைய சண்டை தண்ணீருக்கு. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (725 கோடி கன அடி) தண்ணீர் மணக்கடவில் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். வரும் ஆண்டும் உண்டு, வராத ஆண்டும் உண்டு. மூன்றாம் வகுப்பில் விவசாயம் ஒரு முதன்மைப் பாடம். தினமும் காலை முதல் இரண்டு மணி நேரம், மூன்று நான்கு வாரங்கள் தொடர்ந்து அதே பாடம். எங்கள் பிள்ளைகள் நிலக்கடலை போட்டார்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கியபோது வாளிக் கணக்குப் போட்டார்கள். எத்தனை வாளி, எத்தனை பாத்தி, எத்தனை நாள். வகுத்தல் கணக்கு அங்கேதான் புரிந்தது. ஆழியாறு எங்கே இருக்கிறது என்று வரைபடம் பார்க்க அவர்களாகவே கேட்டார்கள்.

2025 மார்ச் 9

சமூகம், சமூகம் என்கிறீர்களே, சிக்கல் வந்தால் என்ன ஆகும் என்று கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். எல்லோருக்கும் பொதுவாகவே சொல்கிறேன்.

பள்ளிக்கு மேற்கே மாந்தோப்பு. பூக்கும் பருவத்தில் மருந்து அடிப்பார்கள். பிஞ்சு பிடித்த பிறகும் அடிப்பார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் நெடி முற்றத்துக்கு வரும். எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தை உச்ச நீதிமன்றம் 2011இல் நாடு முழுவதும் தடை செய்தது. கேரளத்தில் அதற்கு முன்பே தடை. அதனால் பாதிக்கப்பட்ட காசர்கோட்டுப் பிள்ளைகளின் படங்களை இங்கே பார்க்காதவர்கள் இல்லை. இப்போது அடிப்பது வேறு மருந்து, ஆனாலும் அந்த நெடி வந்தால் தாய்க்கு வயிறு கலங்கும். சென்ற தை மாதம் சில பிள்ளைகளுக்குக் கண் எரிந்தது, ஒருவனுக்கு இருமல் நிற்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருப்பவரின் மகளும் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள்.

கூட்டம் கடுமையாக இருந்தது. கோவையிலிருந்து வந்து குடியேறிய ஒரு தந்தை, இயற்கை வேளாண்மையில் பற்றுள்ளவர், காவல்துறைக்குப் போக வேண்டும் என்றார். குத்தகைக்காரர் எழுந்து நின்று பேசினார். குத்தகைப் பணம் முன்பணமாகக் கொடுத்தாயிற்று, தத்துப்பூச்சி விழுந்தால் பூவெல்லாம் கருகும், வடக்கே முதல் சந்தைக்குக் காய் போய்ச் சேராவிட்டால் விலை பாதியாகும், நான் கடனாளி. பேசும்போது அவர் குரல் உடைந்தது. அந்தச் சிறுமி வெளியே ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். என் கணவர் இயல்பாக அதிகம் பேசாதவர், அன்று அவர் கேட்டார்: 'அடிக்க வேண்டாம் என்று சொல்ல நமக்கு வலு இல்லை. எப்போது அடிக்கப் போகிறீர்கள் என்று சொல்ல முடியுமா?'

அங்கிருந்துதான் வழி பிறந்தது. அடிப்பதற்கு முந்தைய மாலை தொலைபேசி வரும். அன்று சிறு பிள்ளைகள் முற்றத்துக்குப் போவதில்லை; கால்வாய்க் கரையில் இரண்டு கிலோமீட்டர் கிழக்கே நடை. பள்ளிக்கு ஒட்டிய இரண்டு வரிசை மரங்களில் மருந்தில்லை. அதனால் வரும் நஷ்டத்துக்கு அந்த மரங்களின் காயைப் பெற்றோரே முன்கூட்டி விலைபேசி வாங்கிக்கொள்கிறோம். காய் சின்னது, தோலில் புள்ளி இருக்கிறது. சாப்பிட நன்றாகவே இருக்கிறது. ஊறுகாய்க்கும் அதுதான் நல்லது.

நான் இதை வெற்றி என்று சொல்லவில்லை. மற்ற மரங்களில் மருந்து தொடர்கிறது. ஆனால் ஒரே வகுப்பில் உட்காரும் இரண்டு குழந்தைகளின் பெற்றோர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இதைப் பேசினோம். பெரிய பள்ளியில் இது நடந்திருக்காது. அங்கே பெற்றோருக்குத் தெரிந்த முகம் கட்டணம் வாங்கும் ஜன்னல்தான்.

2025 மார்ச் 10

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர் 'சமரசம்' என்று கோபப்பட்டிருக்கிறார். கோபம் எனக்கும் உண்டு. இரவெல்லாம் யோசித்தேன். கண்ணெரிந்த பிள்ளையின் அம்மா எங்கள் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டாலும் இன்னும் மனம் ஆறாமல் இருக்கிறார். அவரை நினைத்தால், வரிசைகளை இரண்டிலிருந்து நான்காக்கும்படி இந்த ஆண்டு கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. பெற்றோர் கூட்டத்தில் வைக்கிறேன்.

2025 மார்ச் 15

படிப்பு எப்போது வரும் என்ற கேள்வி. எல்லோரும் சுற்றி வளைத்துக் கேட்பது இதைத்தான்.

நாத்தனார் மகள் நான்கு வயதில் ஆங்கிலப் பலகைகளை வாசித்தாள். என் மகள் ஒன்றாம் வகுப்பு முடிய எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். குடும்ப விசேஷங்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அங்கே எழுத்தைப் படத்திலிருந்து எடுக்கிறார்கள்: கதை கேட்டு, படம் வரைந்து, படத்துக்குள்ளிருந்து எழுத்து வரும். புத்தகம் கிடையாது, பிள்ளை தானே எழுதி வரைந்து தன் பாடப் புத்தகத்தைச் செய்துகொள்ளும். தமிழில் உயிரும் மெய்யும் கூடிய எழுத்துகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கதையிலிருந்து எடுக்க முடியாது. ஆசிரியை சில எழுத்துகளை மட்டும் படத்திலிருந்து கொண்டுவந்து மற்றவற்றைக் கைதட்டிப் பாடிச் சேர்த்தார். இரண்டாம் வகுப்பில் பாதியில் ஒருநாள் என் மகள் பஸ்ஸின் முன்பலகையைப் பார்த்து 'வேலந்தாவளம்' என்று நிறுத்தாமல் வாசித்தாள். அன்றிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறாள், மளிகைக் காகிதம் வரை.

எல்லாப் பிள்ளைக்கும் அப்படி வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். வகுப்பில் ஒரு பையன் இன்னும் தடுமாறுகிறான். அவனுக்குத் தனியாக உதவி வேண்டும்; 'தானாக வரும்' என்று காத்திருப்பது தவறு என்று நாங்கள் சில அம்மாக்கள் சொன்னோம். இப்போது ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வாரம் இருமுறை அவனோடு உட்காருகிறார். மெதுவாகப் போவது வேறு, கவனிக்காமல் விடுவது வேறு. உங்கள் மகனைச் சேர்த்தால் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.

மலையாளம் பற்றியும் கேட்டீர்கள். 2017 சட்டத்துக்குப் பிறகு கேரளப் பள்ளிகளில் மலையாளம் கட்டாயம். எங்கள் பிள்ளைகள் தமிழில் தொடங்கி, பாட்டாகவும் விளையாட்டாகவும் மலையாளம் பேசி, மூன்றாம் வகுப்பில் எழுதத் தொடங்குகிறார்கள். இரண்டையும் கலக்கிப் பேசும் காலமும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. இந்தத் தாலுக்காவில் பாட்டிகளும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

2025 மார்ச் 23

நேற்று விழா முடிந்தது. வராதவர்களுக்காக.

காலை ஏழரைக்குத் தொடங்கி பத்தரைக்கு முடித்துவிட்டோம். அதற்குமேல் வெயிலில் பிள்ளைகளை நிறுத்தக்கூடாது. பந்தல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுடையது. அந்த வகுப்பில் வீடு கட்டுவதும் பாடம். இந்த ஆண்டு வீட்டுக்குப் பதில் பனையோலைப் பந்தல். கால் நடுவது, வரிச்சு கட்டுவது, ஓலை வேய்வது எல்லாம் சனிக்கிழமைகளில் அப்பாக்களோடு. ஒரு மூலை இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது.

அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதைப் பிள்ளைகள் அடுக்கிவைக்கும் பருவ மேசையில் மாவடு, புங்கந்தளிர், வெடித்த இலவங்காய், கொன்றைக்கொத்து, நுங்குக் கூடு. ஒரு குழந்தை பாம்புச் சட்டையைக் கொண்டுவந்து வைத்திருந்தது. பாட்டிகள் மேசையிலிருந்து எட்டியே நின்றார்கள். இரண்டாம் வகுப்பில் மிருகக் கதைகளும் அருளாளர் கதைகளும் சொல்வது வழக்கம். அசிசி நகரத்துப் பிரான்சிஸ் ஓநாயோடு பேசியதையும், வள்ளலார் 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிவதையும் ஒரே நாடகத்தில் செய்தார்கள். ஓநாய் கடைசியில் வடலூர்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. இது பிள்ளைகளே சேர்த்தது. எல்லோரும் சிரித்தோம், சில பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

பின்னல் கோலாட்டத்தில் கயிறு இருமுறை சிக்கியது. என் மாமியார் ஆட்டத்தை நிறுத்தி, சிக்கெடுத்து, முதலிலிருந்து ஆட வைத்தார். விருந்தினர் காத்திருந்தார்கள். அதை மறைக்க யாரும் அவசரப்படவில்லை.

சாப்பாடு: கம்பங்கூழ், மோர், மாங்காய்ப் பச்சடி, வேகவைத்த நிலக்கடலை. கடலை பிள்ளைகளின் பயிர். விளைச்சல் சுமார்தான், ஆளுக்கு ஒரு கை வந்தது.

2025 மார்ச் 30

இன்று ஸ்டைனர் இறந்து 100 ஆண்டு. 1925 மார்ச் 30, சுவிட்சர்லாந்தின் டோர்னாக். ஆசிரியர்கள் விளக்கேற்றினார்கள். அதையொட்டி ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார்: மனித இனங்களை ஏற்ற இறக்கமாகப் பேசியவரை எப்படி வணங்குகிறீர்கள்?

வணங்கவில்லை. ஆனால் கேள்வி சரியானது. அவர் எழுத்துகளிலும் சொற்பொழிவுகளிலும் அப்படிப்பட்ட பகுதிகள் இருக்கின்றன. கறுத்த தோலுள்ள பிள்ளைகளைப் பெற்ற எனக்கு அவற்றைப் படிக்கும்போது உடம்பு கூசியது. ஜெர்மன் வால்டோர்ஃப் பள்ளிகளின் கூட்டமைப்பு 2007இல் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஓர் அறிக்கை வெளியிட்டு, இனப் பாகுபாட்டை மறுக்கிறோம் என்று சொன்னது. போதுமா என்பது வேறு பேச்சு. எங்கள் ஆசிரியர்களிடம் வெளிப்படையாகக் கேட்டேன். வகுப்பில் அந்தக் கருத்துகளுக்கு இடமில்லை, பயிற்சியில் அவற்றை மறைக்காமல் பேசுகிறோம் என்றார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இது: எங்கள் பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பானைக் கூழைக் குடிக்கிறார்கள், பரிமாறும் முறை சுழற்சி. இந்தப் பகுதியில் அது சின்ன விஷயமல்ல என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். முதல் ஆண்டில் இதற்காகவே ஒரு குடும்பம் விலகிப் போனது. போகட்டும் என்று விட்டோம்.

தடுப்பூசி பற்றிக் கேட்டவருக்கு: என் பிள்ளைகளுக்கு எல்லாம் போட்டாயிற்று. பள்ளி அதில் தலையிடவில்லை. தலையிட்டிருந்தால் நான் சேர்த்திருக்க மாட்டேன்.

2025 ஏப்ரல் 12

விடுமுறை தொடங்கிவிட்டது. இங்கே பள்ளி ஆண்டு மார்ச்சோடு முடிகிறது. ஆகவே எங்கள் வசந்தம் பிரிவின் காலமும் கூட. ஐரோப்பாவில் வசந்தம் பள்ளியாண்டின் நடுவே வருகிறது. இங்கே வகுப்பு முடிந்து, பாடப் புத்தகங்களைக் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போகும் நேரத்தில். இதை ஆசிரியர்கள் இப்போது கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். விழாவில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை, விளைந்ததைக் காட்டுகிறோம்.

இன்று முழுநிலவு. பங்குனி உத்திரம் நேற்று. பள்ளியில் ஒரு கிறித்தவக் குடும்பமும் இருக்கிறது. ஈஸ்டர் எந்த நாள் என்று எப்படித் தெரியும் என்று என் மகள் அவர்களிடம் கேட்டிருக்கிறாள். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவு, அதற்கடுத்த ஞாயிறு. அப்படிப் பார்த்தால் இந்த ஆண்டு ஏப்ரல் 20. உத்திரத்து நிலவும் ஈஸ்டர் நிலவும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து வந்து சொன்னாள். போன மாதக் கடைசியில் ரமலான் பெருநாள் பிறைக்கு எதிர்வீட்டு உம்மாவோடு மாடியில் நின்றவளும் இவள்தான். நாளை மறுநாள் எங்களுக்குச் சித்திரைக் கனி, பக்கத்து வீட்டில் விஷுக்கனி. இரண்டு தட்டிலும் அதே கொன்றை.

2025 மே 11

கேள்வி கேட்டவர் சென்ற வாரம் பள்ளிக்கு வந்து பார்த்தாராம். வெறும் கட்டடமும் சாய்ந்த பந்தலும்தான் இருந்தன என்று எழுதியிருக்கிறார். மே மாதத்தில் எந்தப் பள்ளியும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் ஒன்று கவலையாகக் கேட்டிருக்கிறார்: ஒரே ஆசிரியர் எட்டு ஆண்டுகள் அதே வகுப்போடு வருவார் என்கிறார்களே, சம்பளம் குறைந்த சிறிய பள்ளியில் அது நடக்குமா?

நடப்பது கடினம். மூன்றாம் வகுப்பு ஆசிரியர் இந்த ஆண்டோடு போகிறார். கோவையில் வீட்டுக் கடன், பெற்றோர் உடல்நிலை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் அவருக்கு வேய்ந்த ஓலைப்பெட்டி நிறையக் கடலை கொடுத்தனுப்பினார்கள். என் மகளின் ஆசிரியை ஐந்தாம் வகுப்பு வரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குமேல் கேட்க எங்களுக்கு உரிமையில்லை, அவர் கேட்கும் சம்பளத்தைக் கொடுக்காத வரையில்.

அதனால் சென்ற பெற்றோர் கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பேசினோம். தலைமையாசிரியர் என்று ஒருவர் இல்லை. ஆசிரியர்கள் வாரந்தோறும் வியாழக்கிழமை கூடி முடிவெடுக்கிறார்கள். வரவு செலவை மட்டும் பெற்றோர் முன் வைக்கிறார்கள். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். அதிகம் தர முடிந்த மூன்று குடும்பங்கள் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டன, குத்தகைக்காரர் அவர்களில் ஒருவர். மருந்தடிக்காத மாமர வரிசை நான்காகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2025 மே 25

சேர்ப்பதாக முடிவு செய்துவிட்டதாகக் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நல்லது. ஜூன் 2 பள்ளி திறக்கிறது. பையனுக்குப் பருத்திச் சட்டை, மூடியுள்ள தண்ணீர்ப் பாத்திரம், மண்ணில் உட்காரத் தயங்காத கால்சட்டை. பெயர் எழுதிய பென்சில் பெட்டி தேவையில்லை. பொள்ளாச்சியிலிருந்து வருவதானால் கோபாலபுரம் வழியாக வரும் பஸ்ஸில் ஏறுங்கள்; கடைசி நிறுத்தத்துக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்கினால் கால்வாய்க் கரை வழியே பத்து நிமிடம்.

மழைக்கு முன் பந்தலின் சாய்ந்த மூலையைத் தூக்கிக் கட்ட வேண்டும். இந்தச் சனிக்கிழமை காலை ஆறரைக்கு அப்பாக்கள் வருகிறார்கள். உங்கள் வீட்டில் அரிவாள் இருந்தால் எடுத்து வாருங்கள், கயிறு எங்களிடம் இருக்கிறது.